அந்தமான் கரையா, வளைகுடாக் கரையா? தாய்லாந்தில் ஒரு வாரம் சும்மா இருப்பதற்கு

முதுகுப்பையோடு தாய்லாந்துக்குப் போகிறவர்கள் பாங்காக்கின் நெரிசலையும் வடக்கே சியாங் மாயின் கோயில்களையும் முடித்துக்கொண்டு, கடைசி ஒரு வாரத்தைத் தெற்கின் கடற்கரைக்கு ஒதுக்குவது வழக்கம். தெற்கில் நிலம் ஒடுங்கி நீளும் இடத்தில் மேற்கே அந்தமான் கடலும் கிழக்கே தாய்லாந்து வளைகுடாவும் இருக்கின்றன. மேற்கில் கிராபி, ரைலே, கோ பீ பீ, கோ லந்தா. கிழக்கில் கோ சமூய், கோ பாங்கன், கோ தாவ். 'கோ' என்றால் தாய் மொழியில் தீவு. இரு கரைகளையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட முயல்கிறவர்கள் மூன்று நாளைப் படகுத்துறைகளிலும் வேன்களிலும் தொலைக்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பதால், எதையும் சாதிக்காமல் ஒரே மணலில் கிடப்பதற்கு எந்தக் கரை அதிகம் இடம் கொடுக்கிறது என்ற ஒரே கேள்வியை வைத்து இரண்டையும் இங்கே எடைபோடுகிறேன்.

பாதி முடிவை நாள்காட்டியே எடுத்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கரையில் நேராக மோதுகிறது. அந்த மாதங்களில் கடல் கொந்தளித்து, படகுகளின் ஓட்டம் குறைந்து, கோ லந்தாவில் பல விடுதிகள் கதவடைத்துவிடுகின்றன; சிமிலான், சுரின் தீவுகளின் தேசியப் பூங்காக்கள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்படுகின்றன. அதே காற்று மலைகளைத் தாண்டிக் கிழக்கே வரும்போது ஈரத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வளைகுடாத் தீவுகளில் அவ்வப்போது ஒரு மழை பெய்து ஓய்வதோடு சரி. வளைகுடாவின் உண்மையான மழைக்காலம் வடகிழக்குக் காற்றோடு வருகிறது: அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி, நவம்பரில் உச்சம் தொட்டு, டிசம்பரிலும் நீள்கிறது. ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கோ தாவையும் ஜூலை விடுமுறைக்குக் கோ லந்தாவையும் மலிவாகக் கிடைக்கிறது என்று பதிவு செய்கிறவர், அந்த மலிவுக்கான காரணத்தைப் போய்ச் சேர்ந்த பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

போய்ச் சேரும் வழியில் வளைகுடாவுக்கே என் வாக்கு. பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் படுக்கை வசதி எடுத்துக்கொண்டால் விடியும் முன் சும்போனிலோ காலையில் சூரத் தானியிலோ இறங்கி, அங்கிருந்து பேருந்தும் படகும் சேர்ந்த ஒரே சீட்டில் தீவுக்குப் போய்விடலாம். தெற்கே போகும் நெடுந்தூர ரயில்கள் 2023 ஜனவரி முதல் பழைய ஹுவா லம்போங்கிலிருந்து அல்லாமல் குருங் தெப் அபிவத் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிராபிக்கு ரயில் பாதை கிடையாது. இரவுப் பேருந்து அல்லது விமானம்தான்.

இனி கடல். புகைப்படத்துக்கு அந்தமான் கரையை மிஞ்ச எதுவும் இல்லை. நீரிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள், அவற்றின் இடுக்கில் தொங்கும் பச்சை, அடியில் வெளிர்நீல நீர் என்று எல்லாரும் பார்த்த அந்தக் காட்சி நேரிலும் ஏமாற்றுவதில்லை. ஆனால் புகைப்படம் சொல்லாத ஒன்று உண்டு: ஏற்றமும் வற்றமும். அந்தமான் பக்கம் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது; பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் அந்த வேறுபாடு கிராபிப் பக்கம் இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. ரைலே நிலத்தோடு ஒட்டியது என்றாலும் பாறைகள் வழிமறிப்பதால் படகில் மட்டுமே போக முடியும். அதன் கிழக்குப் பக்கத்தில் வற்றத்தின்போது நான் இறங்கியபோது, படகோட்டி எஞ்சினை நிறுத்தி, நுனியில் விசிறி சுழலும் அதன் நீண்ட தண்டை நீருக்கு மேலே தூக்கிவிட்டு, கரையைக் கையால் காட்டினார். கரை நூறடிக்கு அப்பால் இருந்தது. பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கி நடந்தேன். ஒரு செருப்பு அங்கேயே இருக்கிறது. மேற்குப் பக்கம் நல்ல மணல், அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பகல்நேரச் சுற்றுலாப் படகுகள் காலை பத்து மணிக்கு வந்து குவிந்து, மாலையில்தான் அந்த மணலைத் திருப்பித் தருகின்றன.

வளைகுடாவில் கடலின் இந்த ஏற்ற இறக்கம் பொதுவாகக் குறைவு. அதற்காக அங்கே குறையே இல்லை என்று எண்ண வேண்டாம்: கோ பாங்கனின் தெற்கே பான் தை போன்ற கரைகளில் கடல் வெகுதூரம் வரை ஆழமில்லாமல் கிடக்கும், நீந்த நினைத்தவர் நடந்துகொண்டே இருப்பார். நீந்தவும் கிடக்கவும் ஏற்றவை அத்தீவின் வடக்கு, வடகிழக்கு விரிகுடாக்கள். குறிப்பாகப் பாட்டில் பீச் என்று பயணிகள் அழைக்கும் ஹாட் குவாட், எளிதில் போய்ச் சேர முடியாத இடம் என்பதால் கூட்டம் தானாகவே வடிகட்டப்பட்டுவிடுகிறது.

பாங்கன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஹாட் ரின் கடற்கரையில் நடக்கும் பௌர்ணமி இரவுக் கொண்டாட்டம். அதைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. தவிர்க்க நினைப்பவர்கள் பௌர்ணமித் தேதியைப் பார்த்துக்கொண்டால் போதும். அந்த நாள்களில் தீவு முழுவதும் வாடகை ஏறுகிறது, பல விடுதிகள் ஓர் இரவுக்கு மட்டும் இடம் தருவதில்லை. பௌர்ணமி ஒரு பௌத்தப் புனித நாளில் விழுந்தால் கொண்டாட்டம் முன்பின்னாக நகர்த்தப்படும் என்பதால் வானத்தை மட்டும் நம்பிக் கணக்கிடக் கூடாது.

கோ தாவ் வேறு வகை. சுமார் 21 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள அந்தச் சிறு தீவு 1930களிலும் 40களிலும் அரசியல் கைதிகளின் சிறையாக இருந்தது. இன்று ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்கி நீந்தக் கற்க வருகிறவர்களால் நிறைந்திருக்கிறது. தனியாகப் போகிறவருக்கு இதைவிட எளிதாக நட்பு கிடைக்கும் இடம் வேறில்லை. ஆனால் சும்மா இருக்கப் போனவரை அது சும்மா விடாது. 'நீங்கள் இன்னும் நீரில் இறங்கவில்லையா?' என்று சாப்பாட்டு மேசையில் மூன்றாம் முறை கேட்கப்படும்போது, வகுப்பில் சேர்ந்துவிடுவதே எளிது என்று தோன்றிவிடும். கோ பீ பீயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அருகிலுள்ள மாயா விரிகுடாவைக் கூட்டத்தின் மிகுதியால் 2018 ஜூன் முதல் 2022 ஜனவரி வரை மூடிவைக்க நேர்ந்தது என்பதே போதும்.

அந்தமான் பக்கத்தில் என் அளவுகோலுக்கு முழுதாகப் பொருந்துவது கோ லந்தா ஒன்றுதான். வானளாவும் பாறைகள் இல்லாததால் பகல்நேரச் சுற்றுலாக் கூட்டம் அதைப் பொருட்படுத்துவதில்லை. மேற்குக் கரை முழுவதும் குளோங் தாவ், பிரா ஏ, குளோங் நின், காந்தியாங் என்று நீண்ட மணல்கள், எல்லாமே சூரியன் மறையும் திசையைப் பார்த்தவை. கிழக்கே கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகளோடு ஒரு பழைய ஊர். மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இரவுக் கூச்சல் குறைவு, காலையில் ரொட்டிக்கடையின் தட்டொலி உண்டு.

இதே அந்தமான் கரையில் வடக்கே தகுவா பா என்னும் இடத்தில்தான், அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரையும் குறிப்பிடும் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. இந்தக் கரைக்கு நம்மவர் வந்து குளம் வெட்டி வேலை பார்த்தார்கள். நாம் மணலில் படுக்கப் போகிறோம்.

செலவில் இரு கரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கோ சமூய் மட்டும் பணப்பையைக் கனமாக வைத்திருப்பவர்களுக்கானது. வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு (பாட் தாய்லாந்து நாணயம்) மேல் கட்டணம் பிடிப்பதால், தீவுக்குள் நுழையும் முன் மொத்தமாக எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பவர் கடவுச்சீட்டை அடகாகக் கொடுக்காமல் ரொக்க முன்பணம் கொடுக்கட்டும். பாங்கனின் செங்குத்தான சாலைகளில் விழுந்து முழங்கையில் கட்டுப்போட்டவர்களை நாளுக்கு நாலு பேராவது பார்த்தேன்.

ஆபத்துகளும் கரைக்கு ஒன்றாக இருக்கின்றன. அந்தமான் கரையில் மழைக்காலத்து இழுப்பு நீரோட்டம் உயிரைக் கொள்ளும். சிவப்புக் கொடி பறக்கும்போது முழங்கால் ஆழத்துக்கும் இறங்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் இந்தப் பக்கத்தையே தாக்கியது. மேட்டுக்கு ஓடும் வழியைக் காட்டும் பலகைகளை விடுதிக்குப் போன முதல் நாளே ஒருமுறை பார்த்துவைக்கலாம். சமூய், பாங்கன் பக்கம் பெட்டி ஜெல்லிமீன் உண்டு, கொட்டினால் உயிர்போகலாம். கடற்கரைக் கம்பங்களில் மாட்டியிருக்கும் வினிகர் பாட்டில் அதற்காகத்தான்: கொட்டிய இடத்தைத் தேய்க்காமல், நல்ல நீரில் கழுவாமல், உடனே வினிகரை ஊற்றிவிட்டு உதவிக்குக் கூப்பிட வேண்டும்.

என் கணக்கில், ஜனவரி முதல் ஏப்ரல் வரை விடுப்புக் கிடைத்தால் கோ லந்தா. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால் கோ பாங்கனின் வடகரை, அதுவும் பௌர்ணமிக்கு ஒரு வாரம் தள்ளி. விடுப்பு அக்டோபரில்தான் என்றால், இரு கரைகளும் நனையும் மாதம் அது, சியாங் மாயிலேயே அறையை இன்னும் சில நாள் நீட்டித்துக்கொள்ளலாம்.