விண்டோஸ் 10-க்கு அப்புறம்: மதுரை டிடிபி மேசைக்கும் வீட்டுக் கணினிக்கும் எந்த வழி?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் தந்துவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. 2015 ஜூலையில் வந்த இயங்குதளம் அது. மதுரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்கள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போடும் டிடிபி கடைகள், ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளையை நம்பியிருக்கும் தட்டச்சு மேசைகள், கல்லூரிப் பிள்ளைகளின் வீட்டுக் கணினிகள் என ஏராளமானவை இன்னும் அதில்தான் ஓடுகின்றன. மறுநாள் காலையில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. அதனாலேயே பலர் விஷயத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

நிற்காது என்பது உண்மை. ஆனால் எதுவும் செய்யாமல் விட்டால் இனி கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீய மென்பொருள், மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச்சிலேயே அடைத்துவிட்ட ஓட்டை வழியாகத்தான் உள்ளே போனது. புதுப்பிப்பைப் போடாதவர்கள் மாட்டினார்கள். புதுப்பிப்பே வராத கணினியில் நாம் போட நினைத்தாலும் போட முடியாது.

கையில் இருக்கும் வழிகள் மூன்று. விண்டோஸ் 10-லேயே கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்து தொடர்வது ஒன்று. விண்டோஸ் 11-க்குப் போவது இரண்டாவது. நேராகவும் போகலாம், ரூஃபஸ் கருவி வைத்துத் தடைகளைத் தாண்டியும் போகலாம். மூன்றாவது லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். எது நல்ல இயங்குதளம் என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த மேசையில் என்ன வேலை நடக்கிறது என்று சொன்னால் பதில் உண்டு.

இயந்திரம் எதற்குத் தாங்கும்?

விண்டோஸ் 11 முறைப்படி கேட்பவை: டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப் வசதி), செக்யூர் பூட் (தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் ஏற்பாடு), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், அப்புறம் இன்டெல் செயலி (பிராசஸர்) என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். பெயரிலேயே இது தெரிந்துவிடும். ஐ5-8500 என்றால் உள்ளே, ஐ5-7500 என்றால் வெளியே. பழைய கம்பெனி கணினிகளை வாங்கி விற்கும் கடைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே பாதி ஏமாற்றம் தவிரும். "ஐ5 சார், சூப்பர் மெஷின்" என்பது மட்டும் போதாது.

ரூஃபஸ் சிறிய இலவசக் கருவி. விண்டோஸ் 11-ஐ பென் டிரைவில் எழுதும்போதே டிபிஎம், செக்யூர் பூட், ரேம் நிபந்தனைகளை நீக்கிவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம் என்பதையும் எடுத்துவிடும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினியில் இப்படிப் போட்டால் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மாதாந்தரப் புதுப்பிப்பு பொதுவாக வந்தாலும், தகுதியில்லாத கணினிக்கு அது வந்தே தீரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பும் தானாக வராது. நீங்களே மறுபடி பென் டிரைவ் எழுதி ஏற்ற வேண்டும். ஹோம், ப்ரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆதரவு 24 மாதம்தான், எனவே இந்த வேலை திரும்பத் திரும்ப வரும். இன்னொன்று, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் சில செயலிக் கட்டளைகள் இல்லாமல் விண்டோஸ் தொடங்கவே தொடங்காது. கோர் 2 டுவோ காலத்துக் கணினிக்கு ரூஃபஸும் உதவாது.

மின்டுக்கு 2 ஜிபி ரேம் இருந்தால் ஏறும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. செயலி 64 பிட்டாக இருக்க வேண்டும். 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு, காசு கிடையாது. பழைய கணினிக்கு அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) போடுங்கள். அதற்கு முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியை ஓட்டிப் பாருங்கள். டிஸ்கின் உடல்நிலையை அது சொல்லிவிடும். எச்சரிக்கை காட்டும் டிஸ்கில் புது இயங்குதளம் ஏற்றுவது வீண் வேலை.

பேஜ்மேக்கரும் பாமினியும்

இந்த ஒப்பீட்டில் முக்கால்வாசி முடிவைத் தீர்மானிப்பது இதுதான். வெளியூர், வெளிநாட்டு வல்லுநர்கள் எழுதும் விண்டோஸ் 10 ஆலோசனைகளில் இந்தப் பேச்சே வராது.

டிடிபி கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, பேஜ்மேக்கர் ஓடுமா?" என்பதுதான். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் 7.0 பதிப்பு வந்தது 2001-ல். அதற்கப்புறம் அடோபி பெரிய பதிப்பு எதையும் கொண்டுவரவில்லை. அதற்கு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் உலகத் தரம்) தெரியாது. அதனால்தான் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இவற்றில் கணினிக்குள் இருப்பது தமிழே இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல்தான் தெரியும்.

பல வருடப் பத்திரிகை மேட்டர், கோவில் கும்பாபிஷேக அழைப்பிதழ், பள்ளி மலர் எல்லாம் அந்த வடிவத்தில் இருக்கும் கடைக்கு விண்டோஸ் 10-தான் பாதுகாப்பான தரை. விண்டோஸ் 11-லும் பேஜ்மேக்கரை ஓட்டுகிறார்கள். ஆனால் 11 முழுக்க 64 பிட். 32 பிட் விண்டோஸ் 10-ல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய 16 பிட் தமிழ் மென்பொருள் எதுவும் அங்கே திறக்காது. உங்களிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று மாறுவதற்கு முன்பே பாருங்கள்.

மின்டில் பாமினி எழுத்துரு தெரியும், லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் பழைய பாமினிக் கோப்பைத் திறந்து படிக்கவும் முடியும். பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு, ஆனால் முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவு வேலையை அதன் மேல் நான் வைக்க மாட்டேன்.

இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. ஸ்க்ரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள் 1.6 பதிப்பில், 2024 தொடக்கத்தில், யூனிகோடு தமிழை ஒழுங்காகக் கையாளும் நிலைக்கு வந்துவிட்டது. கொம்பும் காலும் இடம் மாறுவதில்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் அது ஓடும். புதிதாகத் தொடங்கும் ஒருவர் இனி பாமினியைக் கற்றுக்கொள்வதில் அர்த்தமில்லை என்று அழுத்தமாகவே சொல்வேன். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மேட்டரும் யூனிகோடில்தான் வருகிறது. அதை பாமினிக்கு மாற்றி, எழுத்துப்பிழை திருத்தி, மறுபடி அடுக்குவதில் கடைக்காரரின் நேரம் தினமும் போகிறது.

விரல் பழகிய விசைப்பலகை

தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவரின் விரல் பழைய தட்டச்சு முறையை மறக்காது. அதை மாற்றச் சொல்வது நியாயமும் இல்லை. விண்டோஸ் 10-லும் 11-லும் தமிழ்99 விசைப்பலகை, ஒலிப்புமுறை (ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிப்பது) இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. தட்டச்சு முறை வேண்டுமென்றால் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சுக் கருவியைச் சேர்க்க வேண்டும். தமிழ்99, பாமினி, தட்டச்சு எல்லாம் அதில் உண்டு. யூனிகோடாக்கும் வேலைக்கு அதே இடத்திலிருந்து வந்த என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது.

மின்டில் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தட்டச்சு உதவிக் கருவிகளையும் நிறுவினால் தமிழ்99, ஒலிப்பு, தட்டச்சு மூன்றுமே வந்துவிடும். இந்த விஷயத்தில் லினக்ஸ் பின்தங்கியிருக்கிறது என்பது தப்பான எண்ணம். ஆனாலும் வடமொழி எழுத்துகள், குறிகள் உங்கள் விரல் தேடும் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒரு மனு அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிரிண்டர்

இதைச் சோதிக்காமல் யாரும் லினக்ஸுக்குப் போகக் கூடாது. எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் எச்பிலிப் என்ற லினக்ஸ் டிரைவர் மூலம் சிரமமின்றி வேலை செய்கின்றன. எப்சன் மைத்தொட்டி வகைகளும் அப்படியே. நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் பார்க்கும் கெனான் எல்பிபி 2900-க்கு கேப்ட் என்ற தனி டிரைவர் தேவை. லினக்ஸில் அதை நிறுவுவது பொறுமை உள்ளவர்களுக்கான வேலை. அந்த பிரிண்டர்தான் உங்கள் சோறு என்றால் விண்டோஸிலேயே இருங்கள். இ-சேவை வேலைக்கான விரல்ரேகைக் கருவி, டாலி கணக்கு மென்பொருள் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

சோதிக்க ஒன்றும் அழிக்க வேண்டியதில்லை. மின்டை பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு ரூஃபஸை விட வென்டாய் எனக்குப் பிடிக்கும். ரூஃபஸ் ஒரு நேரத்தில் ஒரு இயங்குதளத்தை எழுதும். வென்டாய் போட்ட பென் டிரைவில் ஐஎஸ்ஓ கோப்புகள் (இயங்குதளத்தை நிறுவும் கோப்புகள்) எத்தனை வேண்டுமானாலும் சாதாரணமாகக் காப்பி செய்துவிட்டு, தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். விண்டோஸ் 11-இன் தடைகளை வசதியாக நீக்குவதற்கு ரூஃபஸ்தான்.

விண்டோஸ் 10-லேயே இருந்தால்

கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர 22எச்2 பதிப்பும் (விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு) மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். அமைப்புகளை ஒன்ட்ரைவ் என்ற மைக்ரோசாஃப்ட் இணையச் சேமிப்பில் காப்பெடுக்கச் சம்மதித்தால் இலவசம். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸில் 1000 புள்ளி, அல்லது 30 டாலருக்கு ஈடான பணம். ஒரே உரிமத்தை 10 கணினி வரை போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் பொத்தான் இருக்கும். அறிவிக்கப்பட்ட கடைசி நாள் 2026 அக்டோபர் 13. புது வசதி எதுவும் வராது, பாதுகாப்பு அடைப்பு மட்டுமே. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்புக்கான வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்பதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். இயங்குதளத்தின் ஓட்டையை டிஃபெண்டர் அடைக்காது.

டிடிபி கடையின் பெரிய ஆபத்து நாள் முழுக்க வந்துபோகும் வாடிக்கையாளர் பென் டிரைவ்தான். ஷார்ட்கட் வைரஸ் என்று எல்லோரும் சொல்வது அப்படித்தான் கடை கடையாகப் பரவுகிறது. இரண்டு கணினி இருக்கும் கடைக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது: பழையதில் மின்ட் போட்டு முன்மேசையில் வையுங்கள். வாட்ஸ்அப் வெப், மெயில், வாடிக்கையாளர் பென் டிரைவ் எல்லாம் அங்கே மட்டும். விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஷார்ட்கட் வைரஸ் அங்கே ஓடாது. பென் டிரைவில் சந்தேகமாக என்ன இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். பேஜ்மேக்கர் கணினி விண்டோஸ் 10-லேயே இருக்கட்டும், இணையம் புதுப்பிப்புக்கு மட்டும். மேட்டரும் படமும் முன்மேசையிலிருந்து கடைக்கென்றே வைத்த ஒரு பென் டிரைவில் உள்ளே போகட்டும்.

வீட்டுக் கணினி

இங்கே யோசிக்கவே வேண்டியதில்லை, மின்ட். உலாவி, யூடியூப், லிப்ரே ஆபீஸ், பைத்தான் படிப்பு எல்லாவற்றுக்கும் போதும். 2011-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் எத்தனையோ வீட்டுப் பரணில் அவை இன்னும் கிடக்கின்றன. பேட்டரி போயிருக்கும், எஸ்எஸ்டி ஒன்றும், முடிந்தால் ரேம் கொஞ்சமும் சேர்த்து மின்ட் ஏற்றினால், மின்சாரத்தில் செருகியபடியே பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதிப் பழக ஒரு கணினி கிடைக்கும். வருடக்கணக்கில் மூடிக் கிடந்ததைத் திறந்ததும் விசிறியின் தூசியை எடுத்துவிட்டு செயலியின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். நம்மூர் சித்திரை வெயிலில் அது இல்லாமல் தாக்குப்பிடிக்காது.

குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்ற கூகுள் இயங்குதளத்தைச் சிலர் சொல்வார்கள். 4 ஜிபி ரேம் கேட்கும், ஆண்ட்ராய்டு ஆப் ஓடாது, எப்போதும் இணையம் வேண்டும் என்ற மாதிரி அமைப்பு. உலாவியைத் தவிர வேறெதுவும் தொடாத தாத்தா, பாட்டிக்கு நல்லது. மற்றவர்களுக்கு மின்டே மேல்.

கடையை மாற்றுகிறவர்கள் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா போஸ்டர் நெருக்கடியிலும் வைகாசி முகூர்த்தத்திலும் கணினியைக் கழற்ற முடியாது. கல்யாண வேலை குறைந்த ஆடி மாதம் வசதி; அக்டோபர் கெடுவுக்கும் அது முன்னால் வருகிறது. பழைய பாமினிக் கோப்புகளை முதலில் வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டில் காப்பெடுங்கள். எழுத்துருக் கோப்புகளையும் அதே டிஸ்கில் சேர்த்து வையுங்கள், அவை இல்லாமல் அந்தக் காப்பை யாராலும் படிக்க முடியாது.