எது பிசகினாலும் பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி

லேப்டாப்பின் டிஸ்க் போய், புதிது போட்டு வந்தது. லினக்ஸை மறுபடி நிறுவி, வைஃபை இணைப்புகளை ஒவ்வொன்றாக அமைத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். லினக்ஸில் வைஃபை இணைப்புகளைக் கவனித்துக்கொள்வது நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள். மூலையில் இருக்கும் வைஃபை படத்தை எதற்கு அழுத்த வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த விஷயம், அதற்குள் போகவில்லை. பல வருடமாகத் தினமும் பயன்படுத்தியதில் எனக்குப் பிடித்தது நிறைய இருக்கிறது. எரிச்சல் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றை லேசில் விட முடியவில்லை.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் சாவதற்கு முன்பே காப்பி எடுத்து வைத்திருந்தவற்றில் இணைப்புக் கோப்புகளும் இருந்தன. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு சின்ன உரைக் கோப்பு, அவ்வளவுதான். வைஃபையின் பெயர், பாதுகாப்பு வகை, பயனர் பெயர், சர்வர் உண்மையானதா என்று சோதிக்கும் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் வரிவரியாக, திறந்தால் படிக்கும்படி இருக்கும். அவற்றைப் புதிய டிஸ்க்கில் அதே இடத்தில் போட்டு, ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு உரிமை மாற்றி, அனுமதியை 600 ஆக்கி (ரூட் மட்டும்தான் படிக்கலாம், எழுதலாம்), நெட்வொர்க்மேனேஜரை மறுபடி படிக்கச் சொன்னேன். வீட்டு வைஃபை ஒரு கேள்வி கேட்காமல் பிடித்துக்கொண்டது. அனுமதி தளர்வாக இருந்தால் அந்தக் கோப்பை நெட்வொர்க்மேனேஜர் சீண்டாது. அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பாஸ்வேர்ட் அதற்குள் அப்படியே எழுத்தாகத்தான் கிடக்கிறது. (டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யாமல் லேப்டாப்பை வெளியே எடுத்துப் போகாதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான். பாஸ்வேர்டைப் பயனரின் கீரிங்கில், அதாவது பூட்டிய பாஸ்வேர்ட் பெட்டகத்தில், வைக்கவும் வழி உண்டு. அப்படி வைத்தால் லாகின் ஆகிற வரைக்கும் வைஃபை வராது, அது ஒரு தொல்லை.)

இன்னொன்று. வீட்டு ரவுட்டரை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற பழைய, புதிய வைஃபை பாதுகாப்பு முறைகள் இரண்டும் கலந்த நிலைக்கு மாற்றியபோது லேப்டாப்பில் நான் எதையுமே தொடவில்லை. பழைய இணைப்பே தானாக டபிள்யூபிஏ3-க்கு ஏறிக்கொண்டது. இது எவ்வளவு பெரிய நன்மை என்பது பலருக்குத் தெரிவதில்லை. டபிள்யூபிஏ2-வில் இணைப்பு தொடங்கும்போது நடக்கும் நாலு கட்டப் பேச்சை ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். அப்புறம் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்டை லட்சக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம், நமக்குத் தெரியவே தெரியாது. 2018-ல் வந்த டபிள்யூபிஏ3-இன் எஸ்ஏஈ என்ற பாஸ்வேர்ட் சரிபார்ப்பு முறையில் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரின் வாசலுக்கு வந்து கேட்டாக வேண்டும். இவ்வளவு பெரிய மாற்றம் பயனருக்கு ஒரு கிளிக் வேலைகூட வைக்காமல் நடந்தது. செய்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன்.

அலுவலக வைஃபை எண்டர்பிரைஸ் வகை. ஆளுக்கொரு பயனர் பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட். அடையாளம் காட்டும் முறை பீஈஏபி: முதலில் குறியாக்கம் செய்த ஒரு பாதை, அதன் உள்ளே எம்எஸ்சாப் வி2 என்ற முறையில் பாஸ்வேர்ட் சோதனை. லேப்டாப் பழுதுக்குப் போயிருந்த நாட்களில் அங்கே பயனர்களைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரின் சான்றிதழை மாற்றியிருக்கிறார்கள், வழங்கிய நிறுவனமே வேறு. எனக்கு அது தெரியாது. லேப்டாப்பைத் திறந்தேன், பெட்டி வந்தது: இந்த வைஃபைக்கு அங்கீகாரம் தேவை, பாஸ்வேர்டைத் தாருங்கள். கொடுத்தேன். சற்று நேரம் சுற்றியது. திரும்ப அதே பெட்டி. எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பார்த்து மறுபடி கொடுத்தேன். திரும்ப அதே பெட்டி.

டெர்மினலில் லாகை, அதாவது மென்பொருள் நடந்ததை எழுதி வைக்கும் பதிவை, திறந்தால் விஷயம் பளிச்சென்று இருக்கிறது. சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி, பிழை எண் 20, இதை வழங்கியவரின் சான்றிதழ் இங்கே இல்லை. சர்வரின் பெயர், சான்றிதழில் இருக்கும் விவரம் எல்லாம் அந்த வரிகளிலேயே இருக்கின்றன. என் பாஸ்வேர்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். பீஈஏபியில் முதலில் சர்வர் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும், லேப்டாப் அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் குறியாக்கம் செய்த பாதை திறக்கும், அதற்குப் பிறகுதான் பாஸ்வேர்ட் சம்பந்தப்பட்ட பேச்சே. சான்றிதழில் பிசகினால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் அந்தப் பெட்டியில் என்னதான் தட்டினாலும் அது லேப்டாப்பை விட்டு வெளியே போவதே இல்லை. சரியான பாஸ்வேர்டும் ஒன்றுதான், வாய்க்கு வந்த எழுத்தும் ஒன்றுதான். ஆனாலும் பெட்டி விடாமல் கேட்கிறது. கேட்கக் கேட்க மனிதருக்குத் தன் பாஸ்வேர்ட் மேல்தான் சந்தேகம் வரும். போய் பாஸ்வேர்டை மாற்றுகிறார். அதனால் மெயில் துண்டிக்கப்படுகிறது, போனில் வைஃபை போகிறது, லேப்டாப்பில் மட்டும் அதே பெட்டி நிற்கிறது.

இந்த ஒரே பெட்டிக்குப் பின்னால் நான் பார்த்த காரணங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாதவை. சான்றிதழ் காலாவதியானால் பிழை 10. லேப்டாப்பின் கடிகாரம் வருடக்கணக்கில் பின்னால் போய் நின்றால் பிழை 9, அதாவது இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்கிறது. நேரத்தைத் திருத்த இணையம் வேண்டும், இணையத்துக்கு நேரம் சரியாக இருக்க வேண்டும், கையால் தேதியை மாற்றினால்தான் உண்டு. 2022-ல் வந்தது இன்னொரு வம்பு. குறியாக்க வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-வுடன் உபுண்டு லினக்ஸ் 22.04 வந்தபோது, இணைப்பின் விதிகளை நடுவில் மறுபடி பேசிக்கொள்வதைப் பழைய, பாதுகாப்பில்லாத முறையில் நடத்தும் சர்வர்களோடு பேச அது மறுத்துவிட்டது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நேற்று வரை ஓடிய வைஃபை இன்று ஓடாததற்கு லாகில் காரணம் தெளிவாக எழுதியிருக்க, திரையில் கேட்டது என்னவோ பாஸ்வேர்டைத்தான்.

நியாயமாகவும் பேச வேண்டும். வீட்டு வைஃபையில் இந்தப் பெட்டி வருவதைக் குறை சொல்ல முடியாது. டபிள்யூபிஏ2-வில் பாஸ்வேர்ட் தப்பு என்று ரவுட்டர் வாய்விட்டுச் சொல்வதே கிடையாது. நாலு கட்டப் பேச்சு பாதியில் நின்றுபோகும், அவ்வளவுதான். நெட்வொர்க்மேனேஜருக்கு அடியில் இருந்து ரவுட்டரோடு பேசும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற மென்பொருள்கூட லாகில் "பாஸ்வேர்ட் தவறாக இருக்கலாம்" என்று ஊகமாகத்தான் எழுதும். அங்கே பாஸ்வேர்டைக் கேட்பது நேர்மையான ஊகம். எண்டர்பிரைஸ் இணைப்பில் நிலைமை வேறு. சப்ளிகன்டுக்கு எது பிசகியது என்று திட்டவட்டமாகத் தெரியும், பிழை எண்ணோடு மேலே சொல்லவும் செய்கிறது. ஜவுனி மாலினென் 2003-லிருந்து வளர்த்துவரும் அந்த மென்பொருள் மேல் எனக்கு அபார மரியாதை உண்டு. அது சொல்வதைத் திரைக்குக் கொண்டுவர ஒரு வரி இடம் போதும். அந்த ஒரு வரி இத்தனை வருடமாக என் திரைக்கு வரவில்லை.

வெறும் எரிச்சலோடு போயிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பாஸ்வேர்டைத் தட்டித் தட்டி அலுத்தவர் அடுத்து என்ன செய்வார்? அதே பெட்டியில், சிஏ (அதாவது சான்றிதழ் வழங்குபவர்) சான்றிதழ் தேவையில்லை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் எல்லாம் ஓடும். உடனே ஓடும். அப்படி ஒருமுறை ஓடிவிட்டால் அந்த டிக்கை எடுக்க யாரும் திரும்ப வருவதில்லை. எங்கள் அலுவலகத்தில் கொடுக்கும் வழிகாட்டித் தாளிலேயே வெகுகாலம் அதில் டிக் போடும்படிதான் படத்தோடு அச்சிட்டிருந்தார்கள்.

அந்த டிக்குக்கு என்ன விலை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வைஃபையின் பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். உங்கள் அலுவலக வைஃபையின் பெயரிலேயே ஒருவர் ஒரு சின்னக் கருவியை வைத்து ஒளிபரப்பினால், சான்றிதழைப் பார்க்காத லேப்டாப் அதையும் அலுவலகம் என்றே நம்பிப் பேசத் தொடங்கும். உள்ளே எம்எஸ்சாப் வி2 இருக்கிறதே, அது பாஸ்வேர்டை நேராக அனுப்பாதே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதல் 2012-லேயே போய்விட்டது. அந்த வருட டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் மாக்சி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும், அந்த முறையை உடைப்பது ஒரே ஒரு 56 பிட் டெஸ் (பழைய குறியாக்க முறை) சாவியைத் தேடுவதற்குச் சமம் என்று செய்து காட்டினார்கள். பாஸ்வேர்ட் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அங்கே உதவாது. பீஈஏபிக்குப் பதில் டிடிஎல்எஸ் என்ற முறை, அதன் உள்ளே பாஸ்வேர்டை நேராக அனுப்பும் பிஏபி என்றால் தேடவே வேண்டாம், பாஸ்வேர்ட் அப்படியே போலிக் கருவியின் கையில் விழும். அலுவலக வைஃபையின் பாஸ்வேர்ட் பெரும்பாலும் மெயிலுக்கும் அதேதான். ஆக, இந்த இணைப்பின் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு கட்டத்தில் தொங்குகிறது. அந்தக் கட்டத்தை நோக்கித்தான் இந்தப் பெட்டி மனிதரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் இதைக் கறாராகக் கையாண்டார்கள். ஆண்ட்ராய்டு 11-க்கு 2020 டிசம்பரில் வந்த புதுப்பிப்பு, பிக்சல் போன்களில் சரிபார்க்க வேண்டாம் என்ற தெரிவையே எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் நெட்வொர்க் பிரிவுக்கு வேறு வழியில்லாமல் போனது. சிஏ சான்றிதழ் கோப்பையும் சர்வரின் டொமைன் பெயரையும் உள்தளத்தில் வெளியிட்டார்கள். போன்காரர்களுக்காகப் போட்ட அந்த இரண்டும்தான் இந்த முறை எனக்கும் கைகொடுத்தன.

டொமைன் பெயர் என்றேனே, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். சான்றிதழ் கோப்பைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அலுவலகம் தனக்கென்று சொந்தமாக சிஏ வைத்திருந்தால் அது ஓரளவு சரி. சர்வருக்குச் சான்றிதழ் கொடுத்தது ஊருக்கெல்லாம் கொடுக்கும் பொது சிஏ என்றால், அதே சிஏவிடம் தன் டொமைனுக்குச் சான்றிதழ் வாங்கிய எவரும் உங்கள் லேப்டாப்பின் சோதனையில் தேறிவிடுவார். டொமைன் என்ற கட்டத்தை நிரப்பினால்தான் அந்த வாசல் அடைபடும். நெட்வொர்க்மேனேஜரில் அந்தக் கட்டம் இருக்கிறது. ஆனால் காலியாக விட்டால் ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது, இணைப்பு சத்தமில்லாமல் ஓடும். தேவையில்லாத இடத்தில் ஓயாமல் கேட்கும் மென்பொருள், கேட்டே ஆக வேண்டிய இடத்தில் வாய் திறப்பதில்லை.

அப்புறம், சான்றிதழ் கோப்பை டவுன்லோடு கோப்புறையிலிருந்தே தேர்ந்தெடுக்காதீர்கள். நெட்வொர்க்மேனேஜர் அதன் இடத்தை மட்டும்தான் குறித்து வைக்கிறது. ஒருநாள் டவுன்லோடுகளைச் சுத்தம் செய்தால் வைஃபையும் சேர்ந்து போகும். சிஸ்டம் கோப்புறைக்குள் ஓரிடம் ஒதுக்கி, அங்கே நகலெடுத்து வைத்துவிட்டு அதைக் காட்டுங்கள். வெளிப்பெயர் என்று ஒரு கட்டமும் உண்டு. குறியாக்கம் தொடங்குவதற்கு முன் காற்றில் போகும் பெயர் அது. அதை வெறுமனே விட்டால் உங்கள் உண்மையான பயனர் பெயரே வெளியே தெரியும்படி போகும். பெரும்பாலான இடங்களில் அங்கே பொதுவான ஒரு பெயர் போதும்.

இப்படி எல்லாவற்றையும் சரியாக அமைத்துவிட்டால் அதன் பிறகு இது அசையாது. ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் போகும்போது இணைப்பு அறுந்ததில்லை, தூக்கத்திலிருந்து எழுந்ததும் மேசையில் கை வைப்பதற்குள் இணைந்திருக்கும். நான் பயன்படுத்தியவற்றில் இதைவிட நம்பகமான வைஃபை மென்பொருள் இல்லை.

நண்பன் ஒருவன், அலுவலக லேப்டாப்பில் லினக்ஸ் போடலாமா, வைஃபை தொல்லை இருக்காதே என்று கேட்டிருந்தான். இவ்வளவும் தெரிந்த பிறகும் அவனுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். லாகைத் திறக்கும் பழக்கம் அவனுக்கில்லை. முதல் முறை சான்றிதழ் மாறும் அன்றைக்கு அவன் பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டி, கடைசியில் அந்தக் கட்டத்தில் டிக் போடுவான். அதை நினைத்தால் எனக்குச் சம்மதமில்லை. நான் மாறப்போவதில்லை, எனக்கு இது போதும். ஆனால் இன்னொருவருக்குக் கைகாட்ட, அந்தப் பெட்டி காரணத்தைச் சொல்லும் வரை மனம் வரவில்லை.

அவன் கேட்கவில்லை, போடத்தான் போகிறானாம். சரி, அப்படியானால் நிறுவுவதற்கு முன்பே நெட்வொர்க் பிரிவிடம் போய் இரண்டைக் கேட்டு வாங்கு என்றேன்: சிஏ சான்றிதழ் கோப்பு, சர்வரின் டொமைன் பெயர். இரண்டும் இல்லாமல் டிக் போட்டால் போதும் என்று அவர்கள் சொன்னால், வைஃபையை அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகிக்கொள்.