தி வீல் ஆஃப் டைம்: பாதியில் நின்ற தொடரை இப்போது பார்க்கலாமா?

பிரைம் வீடியோ இந்தத் தொடரை 2025 மே மாதம் நிறுத்திவிட்டது. ஆகவே இனி புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்குக் கிடைப்பது மூன்று சீசன், 24 எபிசோட், முடிவு இல்லாத ஒரு கதை. அப்படியிருந்தும் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். முதல் சீசனைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது நிமிர்ந்து உட்கார வைக்கும். மூன்றாவதில், ஃபேன்டஸி நாவலைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் வெகு சிலருக்கே அமைந்த ஒரு மணி நேரம் இருக்கிறது. கதையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் கீழே வருகின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் நேராகக் கடைசி மூன்று பத்திகளுக்குப் போய்விடலாம்.

மூலம் ராபர்ட் ஜோர்டனின் நாவல் வரிசை. 1990-ல் முதல் புத்தகம் வந்தது. மொத்தம் 14 தடித்த நாவல்கள், அதுபோக ஒரு முன்கதை. 2007-ல் ஜோர்டன் காலமானபோது கதை முடியவில்லை. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று நூல்களை எழுதி 2013-ல் நிறைவு செய்தார். யுகங்கள் சுழன்று திரும்ப வரும், ஒரே ஆன்மா மறுபடி மறுபடி பிறக்கும் என்பது இந்தக் கதையின் அடித்தளம். நமக்கு யாரும் உட்காரவைத்து விளக்க வேண்டாத விஷயம்.

வாசகர்களுக்கு இருந்த பெரிய நம்பிக்கையே கதை முடிந்துவிட்டது என்பதுதான். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ புத்தகங்களைத் தாண்டி ஓடி, கடைசியில் வழி தெரியாமல் திணறியது எல்லோருக்கும் நினைவிருந்தது. இங்கே அந்த ஆபத்து இல்லை, கடைசிப் பக்கம் வரை கையில் இருக்கிறது. பயத்துக்கும் காரணம் இருந்தது. 2015 பிப்ரவரியில் எஃப்எக்ஸ்எக்ஸ் சேனலில், எந்த அறிவிப்பும் இல்லாமல், நள்ளிரவு தாண்டிய நேரத்தில் பில்லி ஸேன் நடித்த ஒரு அரைமணி நேரப் பைலட் ஓடியது. படமாக்கும் உரிமை கைவிட்டுப் போவதற்குள் எதையாவது ஒளிபரப்ப வேண்டும் என்று எடுத்தது என்றே ரசிகர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். அதைப் பார்த்தவர்கள் 2021 நவம்பரில் அமேசான் தொடருக்கு வரும்போது சந்தேகத்தோடு வந்ததில் ஆச்சரியமில்லை.

புத்தகத்தில் இருந்து என்னென்ன மாறியிருக்கிறது என்று பட்டியல் போடுவதில் பயனில்லை. சுமார் 800 பக்கத்தை எட்டு எபிசோடில் சொல்லும்போது மாறத்தான் செய்யும். பார்க்க வேண்டியது வேறு: மாற்றிய இடத்தில் அந்த உலகத்தின் விதி உடைந்ததா, இல்லையா? இந்தக் கதையில் மந்திர சக்திக்கு இரண்டு பாதி. பெண்கள் பயன்படுத்தும் பாதி சுத்தமாக இருக்கிறது. ஆண்களுடைய பாதியில் தீயவனின் நஞ்சு கலந்துவிட்டது. அதைத் தொடும் ஆண் எப்படியும் பைத்தியமாவான். பெண்கள் மட்டுமே ஆளும் வெள்ளைக் கோபுரம், சக்தியுள்ள ஆண்களை வேட்டையாடும் சிவப்பு அணி, ஊரெல்லாம் இருக்கும் பீதி என்று கதையில் உள்ள அத்தனையும் இந்த ஒரு விதியிலிருந்து வருகிறது. மறுபிறவி எடுத்து வரப்போகும் ‘டிராகன்’ ஒரு ஆண். உலகத்தைக் காப்பாற்ற வேண்டியவனே பைத்தியமாகப் போகிறவன். நாவலின் முழுப் பதற்றமும் இதில்தான் இருக்கிறது.

முதல் சீசன் கை வைத்தது சரியாக இந்த இடத்தில். யார் டிராகன் என்ற புதிரை ஏழு எபிசோட் இழுப்பதற்காக, ஒரே கிராமத்து இளைஞர்களில் ஆணோ பெண்ணோ யாராகவும் இருக்கலாம் என்று மாற்றினார்கள். பெண் கதாபாத்திரங்களுக்கு முதலிலிருந்தே கனம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நியாயமானது. ஆனால் டிராகன் பெண்ணாகவும் பிறக்கலாம் என்றால் பைத்தியமாகும் பயமே போய்விடுகிறது. ‘பெண்ணாக இருந்தால் நல்லது’ என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடலாம். புதிர் கிடைத்தது, பயம் போனது. அவர்களில் ஒருவனான ராண்ட், தான்தான் டிராகன் என்று உணரும் ஏழாவது எபிசோட் காட்சி நன்றாக எடுக்கப்பட்டும் நெஞ்சில் இறங்காததற்கு இதுதான் காரணம்.

அடுத்தது அதே கிராமத்துப் பெரின். நாவலில் அவன் மெதுவாகப் பேசும் கொல்லன். தன் உடல் பலம் யாரையாவது காயப்படுத்திவிடுமோ என்று பயந்து பயந்து நடப்பவன். கோடரியா சுத்தியலா என்ற தயக்கம் பல புத்தகங்களுக்கு அவனோடு வருகிறது. மனத்துக்குள் நடப்பதைக் காட்ட கேமராவுக்கு வழியில்லை என்று, தொடரில் அவனுக்கு ஒரு மனைவியை உருவாக்கி, முதல் எபிசோடிலேயே சண்டைக் குழப்பத்தில் அவன் கையாலேயே அவளைச் சாகடித்தார்கள். ஆலோசகராக இருந்த சாண்டர்சன் இந்த மாற்றம் தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். மனைவியைக் கொன்றுவிட்ட ஒருவனுக்கு அழவும் சொல்லவும் ஒடுங்கவும் திரையில் நேரம் வேண்டும். எட்டு எபிசோடில் அந்த நேரம் கிடையாது. விளைவு, அந்த சீசன் முழுக்க பெரின் பேசாமல் நிற்கிறான், பார்க்கிறவர்களுக்கு அவனைப் பிடிக்க எந்த வாய்ப்பும் இல்லை.

எட்டாவது எபிசோட் தொடரிலேயே பலவீனமானது. கோவிட் காரணமாகப் படப்பிடிப்பு நின்று தொடர்ந்தது; இடையில் அந்த இளைஞர்களில் இன்னொருவனான மாட் வேடத்தில் நடித்த பார்னி ஹாரிஸ் விலகிவிட்டார். ஆறாம் எபிசோட் முடிவில் மாட் திடீரென்று மந்திர வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுவதும், கடைசி இரண்டில் அவன் இல்லாததும் இதனால்தான். அந்த நெருக்கடியைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் போர்க்களத்தில் சக்தியால் எரிந்து விழுந்த ஊர் மருத்துவச்சி நைனீவை, பயிற்சியே இல்லாத அதே ஊர்ப் பெண் எக்வீன் கையைப் பிடித்து எழுப்பிவிடுவதற்குக் கோவிட் காரணமில்லை. செத்தவரை எந்த சிகிச்சையும் திருப்பிக் கொண்டுவராது என்பது ஜோர்டனின் உலகத்தில் கறாரான விதி. அந்தக் காட்சி அந்த விதியை ஒரு நிமிடத்தில் மங்கலாக்கிவிட்டது. அதற்குப் பிறகு யார் விழுந்தாலும் ‘எழுந்துவிடுவார்’ என்றே தோன்றும்.

இதே சீசனில் அதிகம் திட்டு வாங்கிய ஐந்தாம் எபிசோடை நான் ஆதரிப்பேன். தன் ஏஸ் செடாயை, அதாவது வெள்ளைக் கோபுரத்தின் மந்திர சக்தியுள்ள பெண்ணை, இழந்த ஸ்டெபின் என்ற வார்டரின் (காவல் வீரனின்) துக்கம் அது. நாவலில் இல்லாத பகுதி, நேரத்தைத் தின்றுவிட்டது என்பது புகார். ஆனால் ஏஸ் செடாய்க்கும் அவரைக் காக்கும் வார்டருக்கும் இடையே உள்ள பிணைப்பு எவ்வளவு ஆழமானது, ஒருவர் போனால் மற்றவர் என்ன ஆவார் என்பதை வசனத்தில் விளக்காமல் நடந்து காட்டியது அந்த எபிசோட்தான். மூன்றாம் சீசன் தொடக்கத்தில் அலானாவின் வார்டர் இஃவான் சாகும்போது, யாரும் எதையும் விளக்காமலே நமக்கு வலிக்கிறது. அலானாவாக நடிப்பவர் இந்திய நடிகை பிரியங்கா போஸ். நாவலில் ஓரமாக வரும் பாத்திரத்தை மூன்று சீசனில் முக்கியமானதாக மாற்றிக் காட்டினார்.

இரண்டாம் சீசனில் ஆறாவது எபிசோட் மட்டும் போதும், இந்தக் குழுவுக்கு வேலை தெரியும் என்று சொல்ல. எக்வீன் கடல் கடந்து வந்த ஷான்ச்சான் படையிடம் சிக்கி, கழுத்தில் பட்டை பூட்டப்பட்டு, ரென்னா என்ற பெண்ணின் கட்டுப்பாட்டில் இருக்கிறாள். ஆயுதம் என்று மனதில் நினைத்த எதையும் தொட முடியாதபடி அந்தப் பட்டை தடுத்துவிடும். மேசையில் ஒரு தண்ணீர்க் குடுவை இருக்கிறது. அதை எடுத்து ரென்னாவின் தலையில் அடிக்கலாம் என்று எக்வீன் ஒரு முறை நினைத்துவிட்டாள். அதிலிருந்து தாகத்துக்குத் தண்ணீர் ஊற்றக்கூட அந்தக் குடுவையைத் தொட முடியவில்லை, கை துடித்துப் பின்வாங்குகிறது. ‘இதை ஆயுதமாக நினைப்பதை நிறுத்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் குடி’ என்பதுதான் பாடம். கொஞ்சம் கொஞ்சமாக அவள் மனம் உடைந்து, கடைசியில் குடுவையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றும்போது, பார்க்கிறவர்களுக்கு அது தோல்வியாகத் தெரிகிறது. பெரிய கிராபிக்ஸ் எதுவும் இல்லாமல் ஒரு அறை, இரண்டு பேர், ஒரு குடுவை, ஒரு விதி. சீசன் முடிவில் எக்வீன் மீள்வதும் அதே பட்டையை ரென்னாவின் கழுத்தில் பூட்டித்தான். மேடலின் மேடனின் நடிப்பு இங்கே உச்சம்.

அந்த சீசனில் குறையும் உண்டு. டிராகனைத் தேடி வந்த ஏஸ் செடாயான மொய்ரேனையும் அவருடைய வார்டர் லானையும் பிரித்து வைத்து இருவரையும் பல எபிசோட் வெறுமனே அலையவிட்டார்கள். ஃபால்மே போரில் ராண்டுக்கு நாவலில் இருந்த வாள் சண்டையை, கையை ஆட்டி எதிரிகளை வீழ்த்தும் சில நொடிக் காட்சியாகச் சுருக்கினார்கள். மாறாக, நாவலின் 13 ‘ஃபர்சேக்கன்’ வில்லன்களை எட்டாகக் குறைத்தது மிகச் சரியான முடிவு. புத்தகத்திலேயே சிலர் பெயரளவில்தான் வருகிறார்கள். குறைத்ததால் லான்ஃபியராக நடாஷா ஓ’கீஃபுக்கும் இஷமயேலாக ஃபேரஸ் ஃபேரஸுக்கும் மனிதர்களாக வளர இடம் கிடைத்தது.

மூன்றாம் சீசனின் நான்காவது எபிசோடுக்காகத்தான் இவ்வளவும். நான்காம் நாவலான ‘தி ஷேடோ ரைசிங்’கில் 25, 26-ஆம் அத்தியாயங்களைத் திரையில் எடுக்கவே முடியாது என்று வாசகர்கள் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். ராண்ட் ருய்டீன் நகரத்தில் கண்ணாடித் தூண்களுக்கு இடையே நடக்கிறான். ஒவ்வொரு அடியிலும் தன் முன்னோர் ஒருவரின் கண் வழியே பார்க்கிறான். காலம் பின்னோக்கிப் போகிறது. அதாவது பார்வையாளருக்கு முன்பின் தெரியாத ஆட்கள், அறிமுகமில்லாத காலங்கள், அதுவும் தலைகீழ் வரிசையில். வழக்கமான தொடரில் இது குழப்பமாகத்தான் முடியும். இங்கே எல்லா முன்னோராகவும் ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியையே நடிக்க வைத்தார்கள். முடி, உடை, பேசும் விதம் மட்டும் மாறுகிறது. முகம் ஒன்றாக இருப்பதால் நூல் அறுபடவில்லை.

அதைவிட முக்கியம், தலைகீழ் வரிசையை அப்படியே வைத்ததுதான். ராண்டின் முன்னோரான ஏயல் என்ற பாலைவன மக்கள் வாளைத் தொட மாட்டார்கள்; கொல்வதற்கு முன் முகத்தை மூடிக்கொள்வார்கள். ஏன் என்பது நமக்கும் தெரியாது, அவர்களில் பெரும்பாலோருக்கும் தெரியாது. ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போகப்போக, முதலில் வழக்கத்தைப் பார்க்கிறோம், பிறகு அது பிறந்த காயத்தைப் பார்க்கிறோம். போருக்கென்றே பிறந்தவர்கள் என்று பேரெடுத்த இந்த மக்கள், ஒரு காலத்தில் எந்த உயிருக்கும் தீங்கு செய்வதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். நேர் வரிசையில் சொல்லியிருந்தால் இது வெறும் வரலாற்றுப் பாடம். முதல் சீசன் ஏழாம் எபிசோடின் தொடக்கத்தில், பனிமலையில் பிரசவ வலியோடு சண்டையிடும் பெண்ணை மறந்துவிட வேண்டாம். அவளுக்கான முழு அர்த்தமும் இங்கேதான் வருகிறது.

சீசன் முடிவில், வெள்ளைக் கோபுரத்தின் தலைவியாக இருந்த சுவானைக் கொன்றது எனக்கு உடன்பாடில்லை. நாவலில் சக்தியை இழந்த பிறகு அவர் வாழும் வாழ்க்கைதான் பிற்பாதியின் சிறந்த பகுதிகளில் ஒன்று. சோஃபி ஒகோனெடோ மாதிரியான நடிகை கையில் இருக்கும்போது அதை விட்டது இழப்பு. டியர் கோட்டையையும் அங்கே இருக்கும் கண்ணாடி வாளையும் தாண்டிப் போனதையும் வாசகர்கள் மன்னிக்கவில்லை. ஆனாலும் தொடர் நிறுத்தப்பட்டபோது, அதைத் தொடரச் சொல்லி மனு போட்டவர்கள் இதே வாசகர்கள்தான்.

இனி பார்க்கும் முறை. சப்டைட்டிலை கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். பெயர்கள் காதில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருக்கும், முதல் மூன்று எபிசோடில் யார் யார் என்று பிடிபட அது உதவும். முதல் எபிசோட் முடிந்ததும், ‘ஆரிஜின்ஸ்’ என்ற பெயரில் இந்தத் தொடருக்காகவே எடுத்த அனிமேஷன் குறும்படங்களைப் பாருங்கள். சில நிமிடங்களே ஓடும் அவை, எபிசோட்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் பழைய வரலாற்றைத் தெளிவாகச் சொல்கின்றன. லோர்ன் பால்ஃபின் இசையைக் கேட்க நல்ல ஹெட்போன் இருந்தால் நல்லது.

நாவல்களைப் படித்தவர்கள் முதல் சீசனில் 1, 4, 6, 7 எபிசோட்களை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாம் சீசனுக்குப் போகலாம். எதுவும் விடுபட்ட மாதிரி இருக்காது. படிக்காதவர்கள் எதையும் தாண்டாமல் பாருங்கள். முதல் சீசனின் கடைசி எபிசோட் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள், இரண்டாவதில் ஆறாவது எபிசோட் வரை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூன்றாம் சீசனின் நான்காவது எபிசோடைத் தனியாக, இடையில் எழுந்து போகாமல், ஒரே மூச்சில் பார்க்க வேண்டும். மற்றவை எப்படிப் பார்த்தாலும் சரி.

பிறகு கதை என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் புத்தகம்தான் வழி. ஐந்தாவதிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றும், வேண்டாம். தொடர் விட்டுவிட்ட ஆட்களும் இடங்களும் அதிகம் என்பதால் ஐந்தாவதில் வழி புரியாது. முதல் புத்தகமான ‘தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்’டிலிருந்தே ஆரம்பியுங்கள், முதல் நான்கும் வேகமாகவே போகும். எட்டிலிருந்து பத்து வரை கதை தேங்கும். குறிப்பாக 2003-ல் வந்த பத்தாவதில் கிட்டத்தட்ட எதுவுமே நகராது. அங்கே நின்றுபோனவர்கள் ஏராளம். அந்த ஒரு நூலுக்கு மட்டும் அத்தியாயச் சுருக்கங்களைப் படித்துவிட்டு 11-க்குத் தாவலாம். அதிலிருந்து பழைய வேகம் திரும்பிவிடும். மொய்ரேனும் சுவானும் தொடரில் பிடித்துப்போனவர்களுக்கு, அவர்கள் இருவரின் இளமைக் காலத்தைச் சொல்லும் ‘நியூ ஸ்பிரிங்’ என்ற முன்கதை இருக்கிறது. அளவில் மற்றவற்றைவிடச் சிறியது, முதல் மூன்று நான்கு நாவல்களைப் படித்து முடித்ததும் எடுத்தால் சரியாக இருக்கும்.