கொச்சியா, தேங்காப்பட்டணமா, குளச்சலா: வெளியூர்ப் படகை எங்கே கட்டுவது?

"அங்கே போட்டு கட்ட எவ்வளவு வாங்குறாங்க?" புதிதாகப் போட்டு, அதாவது விசைப்படகு, இறக்குகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். என்னைப் பொறுத்தவரை இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எல்லாத் துறைமுகங்களிலும் படகின் வகையையும் அளவையும் பார்த்து ரசீது போடுகிறார்கள், மீன் ஏற்ற வரும் வண்டிக்குத் தனியாக வாங்குகிறார்கள். முப்பது நாற்பது நாள் கடலில் கிடந்து வரும் தங்கல் போட்டுக்கு ஆகும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவின் பக்கத்தில் அந்த ரசீதை வைத்தால் அது கண்ணிலேயே படாது. முகத்துவாரத்தில் பயமில்லாமல் நுழைய முடியுமா, மீனை யார் ஏலம் போடுவார், கரையேறும் ஆட்களுக்குக் குளிக்கத் தண்ணீரும் படுக்க நிழலும் உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குமரி மாவட்டத்துத் துறைமுகங்களையும், நம் ஆட்கள் அதிகம் போகும் கேரளத் துறைமுகங்களையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் கொச்சி. குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரையுமன்துறை வரை உள்ள எட்டு ஊர்களின் ஆழ்கடல் போட்டுகளுக்குப் பல வருடங்களாக அதுதான் இரண்டாவது வீடு. 1978-ல் திறந்த தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம், வடக்கே முனம்பம், இந்த இரண்டிலும் தமிழ் கேட்காத நாளே கிடையாது. கொச்சியின் பெரிய பலம் அதன் வாசல். கப்பல்கள் வந்து போவதற்காக ஆழம் எடுத்து வைத்திருக்கும் கால்வாய் என்பதால் நடு ராத்திரியிலும் நுழையலாம், ஆனி ஆடியிலும் நுழையலாம். மணல் எங்கே ஏறியிருக்கிறது என்று போட்டை ஓட்டும் ஸ்ராங்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. கேரை, சுறா, மயில்மீன் என்று பெரிய மீனை நாலு பேர் போட்டி போட்டு எடுப்பதும் அங்கேதான். கியர்பாக்ஸ் போனால் அன்றைக்கே மெக்கானிக் வருவார், தூண்டில் சாமானுக்கு அலைய வேண்டாம்.

ஆனால் இடம் கிடைப்பது பெரும்பாடு. சீசனில் மேடையை ஒட்டிக் கட்ட முடியாது, ஏற்கெனவே கட்டியிருக்கும் போட்டின் மேல் கட்டி, அதன் மேல் இன்னொன்று கட்டி, மூன்றாம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இறங்கும் ஆள் மீன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்தவர் தளங்கள் இரண்டைத் தாண்ட வேண்டும். இதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. அடுக்களைப் பக்கமாகப் போகாமல் முன்பக்கத்து அணியம் வழியாகத்தான் தாண்டுவார்கள், ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தால் சத்தம் போட மாட்டார்கள். இடையில் தொங்கும் டயர்கள் சரியாக இல்லையென்றால் அலை வரும்போது பலகை பலகையோடு உரசும் சத்தம் கேட்கும், உடனே பக்கத்துப் போட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்ப்பார்.

"எந்த ஊரு போட்டு?"

"சின்னத்துறைண்ணே."

"எத்தன நாள் நிப்பீங்க?"

"ரெண்டு நாளுண்ணே, ஐஸ் ஏத்திட்டுப் போயிருவோம்."

"சரி, வடத்த இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க."

ஒரு வெளியூர்ப் படகுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வரவேற்பு இதுதான் என்பேன். வடத்தை அவிழ்த்து விடாமல், இறுக்கிக் கட்டச் சொல்கிற ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கொச்சியில் உண்மையான கட்டணம் வேறு இடத்தில் போகிறது. கமிஷன் ஏஜென்ட் முன்பணம் தருகிறார், டீசலுக்கும் ஐஸுக்கும் பொறுப்பேற்கிறார், ஆட்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கும் அவரே வண்டி பிடிக்கிறார். அந்த உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முன்பணம் வாங்கிய போட்டு வேறு எந்தத் துறைமுகத்திலும் மீன் இறக்க முடியாமல் போகிறது. ஏலத்திலிருந்து கழியும் கமிஷன்தான் அந்தப் போட்டு கட்டும் மெய்யான வாடகை. கேரள அரசு 2021-ல் கொண்டுவந்த மீன் ஏலச் சட்டம் கமிஷனுக்கு 5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. கணக்கு எழுதும்போது அதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சே வேறு மாதிரி போகும். முன்பணம் வாங்குவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

இனி தேங்காப்பட்டணம். நம் வீட்டு வாசலில் இருக்கும் துறைமுகம். தூத்தூர்க்காரர் போட்டை விட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போகலாம், பெண்கள் நேராக வந்து மீன் எடுத்து விற்கலாம். தமிழ்நாட்டில் பதிவான விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் வரை வரி விலக்கு டீசல் உண்டு, அதை நம் மாநிலத்தில் நிரப்பினால்தான் கிடைக்கும். வருடம் முழுக்கக் கொச்சியிலேயே கிடக்கும் போட்டுக்கு இது கைநழுவிப் போகிறது. இந்த ஒரு லாபமே எத்தனையோ வருடத்துக் கட்டணத்தை ஈடுகட்டிவிடும்.

அப்படியிருந்தும் என்னால் தேங்காப்பட்டணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியவில்லை. காரணம் அந்த முகத்துவாரம். குழித்துறை ஆறு கடலில் சேரும் பொழியிலேயே துறைமுகம் அமைந்திருக்கிறது. ஆறு மணலைக் கொண்டுவருகிறது, கடல் அதைத் திருப்பித் தள்ளுகிறது, இரண்டுக்கும் நடுவில் வாசலில் மணல்திட்டு ஏறுகிறது. திட்டு ஏறிய இடத்தில் அலை உயர்ந்து உடைகிறது. நுழையும் போட்டைப் பின்னாலிருந்து வரும் அலை தூக்கி, பக்கவாட்டில் திருப்பி, கல்லில் கொண்டுபோய் அடிக்கிறது. இப்படிப் போன உயிர்கள் ஒன்றிரண்டல்ல. அலைத்தடுப்புச் சுவரை நீட்டச் சொல்லி, மணலை அள்ளச் சொல்லி ஊர் ஊராக மக்கள் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுக்கடலில் ஒரு மாதம் தாக்குப்பிடித்தவன் வீட்டு வாசலில் சாவது எந்த நியாயத்திலும் சேராது. வாசல் சரியாகும்வரை வெளியூர்ப் படகுக்காரர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பொழி பழக்கமில்லை என்றால் இருட்டில் நுழையாதீர்கள். வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்து, விடிந்தபின் உள்ளூர் வள்ளம் (சிறு படகு) ஒன்று நுழையும் வழியைப் பார்த்துப் பின்னால் வாருங்கள். கடல் மோசமென்றால் நேரே கேரளத்து விழிஞ்ஞம் அல்லது கொச்சி. டீசல் போனால் போகட்டும்.

விழிஞ்ஞம் தூரத்தில் இல்லை. இயற்கையாகவே வளைந்த விரிகுடா, கரைக்குப் பக்கத்திலேயே ஆழம். தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில் தெற்குத் திருவனந்தபுரத்து வள்ளங்கள் அங்கேதான் கூடுகின்றன, நம் பக்கத்து வள்ளங்களும் போகின்றன. வள்ளத்துக்கு அந்த மாதங்களில் அதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை. தங்கல் போட்டுக்கு அது பொருந்தாது, ஒரு ராத்திரி ஒதுங்க மட்டும் சரி. 2025 மே மாதம் முறைப்படி திறந்த சர்வதேசத் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் பெரிய கண்டெய்னர் கப்பல்களின் பாதையை ஸ்ராங்கு தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

குளச்சல் எனக்குப் பிடித்த துறைமுகம். கணவாய், கிளிமீன் பிடிக்கும் போட்டுகளுக்கு நல்ல ஏலம் நடக்கிறது, ஊரும் துறைமுகமும் ஒன்றாகவே இருப்பதால் மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் கூப்பிடு தூரம். விசைப்படகும் வள்ளமும் நெருக்கியடித்து நிற்பதுதான் குறை. வெளியூர்ப் படகு வரப்போகிறது என்றால் அங்குள்ள விசைப்படகு சங்கத்தில் யாரிடமாவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. சொல்லிவிட்டு வருகிறவருக்கும் சொல்லாமல் வந்து கட்டுகிறவருக்கும் கிடைக்கும் முகமே வேறு. முட்டத்தில் இருப்பது தனியார் கட்டிய துறைமுகம். கட்டண விவரத்தை நுழைவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பாறைகள் நிறைந்த கரை என்பதால் புதிய ஸ்ராங்கு பகலில் வருவதே நல்லது.

சின்னமுட்டம் தனி உலகம். அதிகாலையில் போய் இரவுக்குள் திரும்பும் போட்டுகளின் துறைமுகம் அது, தங்கல் தொழிலுக்கு அங்கே இடமில்லை. காலண்டரும் வேறு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையில் இருக்கும், குளச்சலும் தேங்காப்பட்டணமும் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம். கன்னியாகுமரி முனையைச் சுற்றி வரும் வெளியூர்க்காரர்கள் இதில் அடிக்கடி குழம்பிப்போகிறார்கள். தேதியைப் பார்க்காமல் மீனோடு உள்ளே வந்தால் ரசீதுக்குப் பதில் வழக்குத்தான் கிடைக்கும்.

பாய்மரப் படகில் ஊர் சுற்றுகிறவர்கள் கேட்டால், அவர்களுக்கென்று கட்டிய இடம் பக்கத்தில் கொச்சி போல்காட்டித் தீவில் உள்ள மெரினாதான்.

வரவேற்பைப் பற்றிப் பேசும்போது ஒக்கியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2017 நவம்பர் கடைசியில் அடித்த அந்தப் புயலில் சிதறிய படகுகள் லட்சத்தீவு முதல் குஜராத் வரை ஒதுங்கின. மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் மட்டும் 68 படகுகளில் 952 பேர் சேர்ந்தார்கள். 66 படகுகள் கேரளப் பதிவு, இரண்டு தமிழ்நாட்டுப் பதிவு. நம் ஆட்கள் பலர் கேரளப் பதிவுப் படகுகளில்தான் வேலை பார்க்கிறார்கள். கடல் அடங்கும்வரை அத்தனை பேரையும் கவனித்துக்கொள்ளும்படி அந்த மாநில முதலமைச்சர் உத்தரவிட்டார். நீல நிறப் படகு கேரளம், பச்சை நிறப் படகு தமிழ்நாடு என்று அன்று பிரித்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் துறைமுகங்களுக்கு மலையாளப் படகோ கர்நாடகப் படகோ இன்ஜின் கோளாறோடு வரும்போது இதை நினைவில் வைக்க வேண்டியது நாம்தான்.

குமரித் துறைமுகங்களில் கட்டணத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று பேச்சு வந்தால் நான் கூட்டுவதற்கும் சம்மதிப்பேன், ஒரு நிபந்தனையோடு. வாங்கும் பணத்தில் பூட்டாத கழிப்பறை, ஆட்கள் குளிக்க நல்ல தண்ணீர்க் குழாய், ராத்திரி வெளிச்சம், வலை பின்னவும் படுக்கவும் ஒரு கூரை, இவ்வளவும் வர வேண்டும். கட்டண விவரப் பலகை தமிழிலும் மலையாளத்திலும் வாசலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். தேங்காப்பட்டணத்தில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மணலை அள்ளியாக வேண்டும்.