கதை அரைக்கும் கிரைண்டர்: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

'சப்மிஷன் கிரைண்டர்' என்ற பெயரை முதலில் கேட்டபோது இட்லி மாவுதான் நினைவுக்கு வந்தது. இரண்டாண்டுகள் பயன்படுத்திய பிறகு, அந்த நினைவு அத்தனை தவறில்லை என்றே தோன்றுகிறது. ஆங்கிலத்தில் அறிவியல் புனைகதை, மிகுபுனைவு, திகில் ஆகியவற்றை எழுதுகிறவர்கள் தங்கள் சிறுகதைக்கு ஏற்ற இதழைத் தேடவும், எதை எங்கே எப்போது அனுப்பினோம் என்று குறித்து வைக்கவும் உதவும் இணையச் சேவை இது. இதே வேலையைச் செய்துவந்த டுவோட்ரோப் 2013 ஜனவரியில் கட்டணச் சேவையாக மாறியபோது, எழுத்தாளர் டேவிட் ஸ்டெஃபன் இதனை இலவசமாகத் தொடங்கினார். இன்றும் இதற்குக் கட்டணம் கிடையாது. நன்கொடையை நம்பியே நடக்கிறது.

கதையின் வகை, சொற்களின் எண்ணிக்கை, எதிர்பார்க்கும் சன்மானம் ஆகியவற்றைக் கொடுத்தால் பொருந்தும் இதழ்களின் பட்டியல் வருகிறது. சொல்லுக்கு 8 சென்ட் என்ற தொழில்முறை அளவுக்குக் கீழே தருபவற்றை விலக்கிவிட்டும் தேடலாம். ஒரே கதையை ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவதை ஓர் இதழ் ஏற்கிறதா, முன்பு வெளியான கதையை எடுத்துக்கொள்கிறதா என்பனவும் அதனதன் பக்கத்தில் உள்ளன.

நான் எதிர்பாராத பயன் திருத்தத்தில் கிடைத்தது. பிளாஷ் ஃபிக்‌ஷன் ஆன்லைன் என்ற இதழ் 500 முதல் 1000 சொற்கள் வரையிலான கதைகளையே கேட்கிறது. கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற இதழுக்கோ 1000 என்பதே தொடக்க எல்லை. என்னிடம் 1130 சொற்களில் ஒரு கதை இருந்தது. எண்ணிக்கையை 1000 என்று மாற்றித் தேடிப் பார்த்தபோது, குறுங்கதைகளுக்கென்றே நடக்கும் இதழ்கள் பல பட்டியலில் புதிதாகச் சேர்ந்தன. அதற்காகவே 130 சொற்களை வெட்டத் தொடங்கினேன்; கதையின் உலகம் எப்படி இயங்குகிறது என்று வாசகருக்குப் பாடம் நடத்திய முதல் பத்தி முழுவதும் போயிற்று, அது போனதை முன்பே படித்திருந்த நண்பர்கூடக் கவனிக்கவில்லை. ஆனால் இன்னொரு கதையை இதே ஆசையில் குறுக்கியபோது முடிவுக்கு வேண்டிய ஒரு தகவலும் சேர்ந்து வெட்டுப்பட்டது. பழைய பிரதியைத் தனியாக வைத்திருந்ததால் தப்பித்தேன்.

இந்தச் சேவையின் உயிர்நாடி என்று நான் கருதுவது ஒவ்வோர் இதழின் பக்கத்திலும் வரும் காத்திருப்பு வரைபடம். எத்தனையாவது நாளில் எத்தனை பேருக்குப் பதில் வந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது. வெளிப்படையாகச் சொல்வதானால், அந்த வரைபடத்தைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன் பதில் வராத ஒவ்வொரு வாரத்தையும் நல்ல சகுனமாகவே எண்ணி வந்தேன். பெரும்பாலோருக்கு ஒரே வாரத்தில் மறுப்பு வரும் இதழில் இருபதாம் நாள் கடந்தால் அந்த எண்ணத்துக்குச் சிறிது ஆதாரம் உண்டு. எல்லோருக்கும் மூன்று மாதம் எடுக்கும் இதழில் இல்லை. விசாரித்துக் கடிதம் எழுதலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று முடிவு செய்யவும் இதுவே கை கொடுக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. புள்ளிவிவரம் அனைத்தும் பயனர்கள் தாமாகப் பதிவு செய்வது என்பதால், ஏற்பு விகிதத்தை அப்படியே நம்பக் கூடாது. ஒருமுறை அனுப்பிவிட்டு ஓய்ந்துபோகும் புதியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள், விடாமல் எழுதுகிறவர்களே மிகுதியாக வருவார்கள். பக்கத்தின் தோற்றம் பழைய காலத்து அலுவலகப் பதிவேட்டை ஒத்திருக்கிறது. கைபேசியில் படிக்கக் கண் வலிக்கும். மாதம் 5 டாலர் வாங்கும் டுவோட்ரோப்பில் பதிப்பாசிரியர்களின் நேர்காணல்கள் கிடைக்கின்றன, இங்கு அந்த வசதி இல்லை. ஓர் இதழ் எத்தகைய கதையை விரும்புகிறது என்பதை அதன் பழைய கதைகளைப் படித்துத்தான் அறிய வேண்டும். அந்த உழைப்பை எந்த அட்டவணையும் குறைத்துத் தராது.

முகப்பில் ஓடும் அண்மைப் பதில்களின் பட்டியலை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். நாம் அனுப்பிய அதே இதழில் நமக்குப் பின்னர் அனுப்பியவருக்குப் பதில் வந்திருப்பதை நள்ளிரவில் பார்ப்பது உறக்கத்துக்கு நல்லதல்ல. நான் இப்போது வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிறேன். வெட்டிக் குறுக்கிய அந்த 1000 சொல் கதை மூன்று மறுப்புகளுக்குப் பிறகு நான்காவது இதழில் 38ஆம் நாளாக இருக்கிறது. வரைபடத்தின்படி இன்னும் இரண்டு ஞாயிறுகள் பொறுக்கலாம்.