ப்ளே ஸ்டோருக்கு வெளியே: ஏபிகே செயலிகளின் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

'அன்னோன் சோர்சஸ்' என்ற ஒரே சுவிட்சைத் தட்டினால் எந்த ஏபிகேயும் (ஆண்ட்ராய்ட் செயலியின் நிறுவல் கோப்பு) ஏறிவிடும் என்ற காலம் 2017-இல் ஆண்ட்ராய்ட் 8-ஓடு முடிந்தது. அதற்குப் பிறகு குரோமுக்குத் தனி அனுமதி, ஃபைல் மேனேஜருக்குத் தனி அனுமதி, திறமூலச் செயலிகளின் ஸ்டோரான எஃப்-டிராய்டுக்குத் தனி அனுமதி. இந்த மாற்றம் நல்லது. பிரவுசருக்கு அனுமதி தராமல் எஃப்-டிராய்டுக்கு மட்டும் தந்து வைத்தால் வருடக்கணக்கில் தொல்லையில்லை. தொல்லை தொடங்குவது செயலி ஏறிய பிறகு.

போனையும் கணினியையும் இணைக்கும் கேடிஇ கனெக்டை எடுத்துக்கொள்வோம். போனுக்கு வரும் அறிவிப்புகளைக் கணினியில் காட்ட அதற்கு நோட்டிஃபிகேஷன் அக்சஸ் வேண்டும். ஆண்ட்ராய்ட் 13 முதல், பிரவுசரில் இறக்கி நேரடியாக நிறுவிய செயலிக்கு அந்த சுவிட்ச் சாம்பல் நிறத்தில் கிடக்கும். திரையைப் படித்து இயக்கவிடும் ஆக்சசிபிலிட்டி அனுமதிக்கும் அதே கதிதான். வழி இருக்கிறது: ஆப் இன்ஃபோ பக்கத்தில் மேல் மூலையின் மூன்று புள்ளியைத் தொட்டு 'அலவ் ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்' கொடுக்க வேண்டும். பலர் 'அந்த வரியே என் போனில் இல்லை' என்பார்கள். சாம்பல் நிற சுவிட்சை ஒருமுறை தட்டி, மறுப்புச் செய்தியைப் பார்த்த பிறகுதான் அந்த வரி மெனுவில் தோன்றும். ஆண்ட்ராய்ட் 13, 14-இல் அதே செயலியை எஃப்-டிராய்ட் வழியாக நிறுவினால் பெரும்பாலும் இந்தப் பூட்டே விழாது. ஸ்டோர்கள் பயன்படுத்தும் நிறுவல் முறைக்கு அந்தப் பதிப்புகளில் விலக்கு உண்டு. ஏபிகேயைக் கையால் இறக்குவதைவிட ஸ்டோர் வழியே போவது நல்லது என்பதற்கு இது முதல் காரணம்.

இந்தியப் போன்களில் இன்னொரு அடுக்கும் உண்டு. 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் தொடங்கிய ப்ளே ப்ரொடெக்ட் (போனிலுள்ள கூகுளின் பாதுகாப்புச் சோதனை) தடுப்பு அதே ஆண்டு இந்தியாவுக்கும் வந்தது. பிரவுசர், வாட்ஸ்அப், ஃபைல் மேனேஜர் வழியே வரும் ஏபிகே, எஸ்எம்எஸ் படிப்பது, எஸ்எம்எஸ் பெறுவது, நோட்டிஃபிகேஷன் கேட்பது, ஆக்சசிபிலிட்டி ஆகிய நான்கில் ஒன்றைக் கேட்டாலும் நிறுவலை நிறுத்தலாம். 'பரவாயில்லை, நிறுவு' என்ற பட்டனும் இருக்காது. கல்யாணப் பத்திரிகை என்றும் டிராஃபிக் அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேக்கள் ஓடிபி திருடும் ஊரில் இந்தத் தடையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வீட்டுப் பெரியவர்களின் போனில் இதை அணைக்கவே கூடாது. போன் பேசிக்கொண்டிருக்கும்போது ப்ளே ப்ரொடெக்டை அணைக்க முடியாதபடி கூகுள் செய்திருப்பதும் சரியான வேலை. மோசடிக்காரன் லைனில் இருந்துகொண்டேதான் 'அதை ஆஃப் பண்ணுங்க சார்' என்பான்.

சாம்சங்கில் ஆட்டோ பிளாக்கர் என்ற தடுப்பு தனி. சாம்சங்கின் ஆண்ட்ராய்ட் வடிவமான ஒன் யூஐயின் 6-ஆம் பதிப்பில் வந்தது, 6.1.1-இல் தொடக்கத்திலேயே ஆன் ஆகியிருக்கும் நிலைக்குப் போனது. செட்டிங்ஸில் செக்யூரிட்டி அண்ட் பிரைவசிக்குள் இருக்கிறது. ஆனில் இருந்தால் ப்ளே ஸ்டோரும் கேலக்ஸி ஸ்டோரும் தவிர வேறெதிலிருந்தும் நிறுவ முடியாது. யூஎஸ்பி கேபிள் வழிக் கட்டளையும் நிற்கும். நிறுவி முடித்ததும் திரும்ப ஆன் செய்தால் ஏறிய செயலி ஓடும், ஆனால் எஃப்-டிராய்டின் அப்டேட் ஏறாது. மாதக்கணக்கில் பழைய பதிப்பிலேயே கிடப்பது இப்படித்தான். ஷியோமியில் வேறு விதம்: டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'இன்ஸ்டால் வயா யூஎஸ்பி' ஆன் ஆக மி அக்கவுண்ட் வேண்டும், சிம்மும் உள்ளே இருக்க வேண்டும். சிம் இல்லாத பழைய போனை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது வீண்.

எதுவும் சரிவராதபோது வரும் 'ஆப் நாட் இன்ஸ்டால்டு' என்ற வரியை நம்ப வேண்டாம். பத்துக் காரணத்துக்கும் அதே வரிதான். கணினியில் கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸை (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி இதில்தான் இருக்கிறது) இறக்கி, போனில் பில்ட் நம்பரை 7 முறை தட்டி யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, ஏடிபி வழியே நிறுவிப் பாருங்கள். உண்மைக் காரணம் பிழைச் செய்தியில் வரும். செயலி மிகப் பழையது என்றால் ஆண்ட்ராய்ட் 14, இலக்கு எஸ்டிகே (செயலி எந்த ஆண்ட்ராய்டுக்காகக் கட்டப்பட்டது என்று சொல்லும் எண்) 23-க்குக் கீழ் உள்ளதையும், ஆண்ட்ராய்ட் 15, 24-க்குக் கீழ் உள்ளதையும் தடுக்கும். ஏடிபியில் அதைத் தாண்ட ஒரு கூடுதல் சொல் உண்டு. 32-பிட் மட்டும் உள்ள ஏபிகே பிக்சல் 7 போன்ற 64-பிட் மட்டும் ஓட்டும் போன்களில் ஏறாது. எக்ஸ்ஏபிகே என்று வருவது பல துண்டுகளின் மூட்டை. முதன்மைத் துண்டை மட்டும் ஏற்ற முயன்றால் ஏறாமல் போகலாம், ஏறினாலும் திறந்ததும் மூடிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் அதிகம் கடிப்பது கையொப்பப் பொருத்தமின்மை. கையொப்பம் என்பது செயலியை வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை. எஃப்-டிராய்ட் பெரும்பாலான செயலிகளை மூலநிரலிலிருந்து தானே கட்டித் தன் சாவியால் கையொப்பமிடுகிறது. அதே செயலியின் ப்ளே ஸ்டோர் பதிப்பில் வேறு சாவி. ஒன்றின்மேல் மற்றொன்று ஏறாது. பழையதை நீக்கித்தான் நிறுவ வேண்டும், நீக்கினால் தரவும் போகும். ஏஜிஸ் போன்ற ஓடிபிச் செயலியில் ஏற்றுமதி எடுக்காமல் இதைச் செய்தால் அத்தனை கணக்குகளின் குறியீடுகளும் காலி. ஒரு செயலிக்கு ஒரே மூலம் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். டெவலப்பரின் கிட்ஹப் பக்கத்து வெளியீடு என்றால் அங்கிருந்து நேரே அப்டேட் எடுக்கும் அப்டேனியம், இல்லையென்றால் எஃப்-டிராய்ட்; மாற்றி மாற்றி வேண்டாம். ஆண்ட்ராய்ட் 12 முதல், எஃப்-டிராய்ட் தானே நிறுவிய செயலிகளைக் கேட்காமலே அப்டேட் செய்யவும் முடியும்.

ஐபோனில் இந்தியாவிலிருந்து இதையெல்லாம் முயல்பவர்களுக்கு: ஆப் ஸ்டோருக்கு வெளியே செயலி நிறுவ உதவும் ஆல்ட்ஸ்டோரில் இலவச ஆப்பிள் ஐடி கையொப்பம் 7 நாளில் காலாவதியாகும், ஒரே நேரத்தில் 3 செயலிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 வேறு ஆப் ஸ்டோர்களுக்குத் திறந்த கதவு இங்கே இல்லை. ஊருக்குப் போயிருக்கும்போது 8-ஆம் நாள் செயலி திறக்காமல் போவதைச் சகிக்கப் பழக வேண்டும்.

இனி வரப்போவதுதான் பெரிய பூட்டு. 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தபடி, சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்ட் போன்களில் அடையாளம் சரிபார்க்கப்பட்ட டெவலப்பரின் செயலி மட்டுமே வழக்கம்போல் ஏறும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் மற்ற நாடுகள். தன் சாவியால் பிறர் செயலிகளுக்குக் கையொப்பமிடும் எஃப்-டிராய்டின் அடித்தளத்தையே இது தொடுகிறது. எதிர்ப்புக்குப் பிறகு, விவரம் தெரிந்த பயனர்களுக்குத் தனி வழி தருவதாக நவம்பரில் கூகுள் சொன்னது. ஓடிபி திருடனைப் பிடிக்க மேலே சொன்ன நான்கு அனுமதித் தடையே போதும். சின்ன அலாரம் செயலி எழுதிப் பலருக்கும் கொடுப்பவரிடம் அடையாள அட்டை கேட்பது அதிகப்படி.

ஏடிபி வழி திறந்தே இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கேபிளையும் பிளாட்ஃபார்ம் டூல்ஸையும் இப்போதே பழகிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: யூஎஸ்பி டீபக்கிங் ஆனில் இருந்தால் சில வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும். நிறுவி முடித்ததும் அணைத்துவிட்டு, அந்தச் செயலியை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்து மீண்டும் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.