உறைபனி இரவுகளில் ஒரு வாடகை மோட்டார்ஹோம்: நியூசிலாந்து சென்று வந்த பின் எழுதும் மதிப்புரை

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் கிரைஸ்ட்சர்ச்சில் உள்ள ஒரு வாடகை நிறுவனத்திடம் ஆறு பேர் படுக்கக்கூடிய மோட்டார்ஹோம் (வீட்டு வசதிகள் கொண்ட வண்டி) ஒன்றை ஏழு இரவுகளுக்கு எடுத்திருந்தோம். நான், மனைவி, இரு பிள்ளைகள், 68 வயதான என் தாயார் என ஐந்து பேர் சென்றோம். சிங்கப்பூரில் விடுமுறை விடும் அந்த மாதத்தில்தான் நியூசிலாந்தின் தென்தீவில் குளிர்காலம் தொடங்குகிறது. கட்டணமும் அப்போது கோடைக்காலத்தைவிடக் குறைவு என்பதால் நம்மவர் பலர் அந்த வாரங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். வண்டியில் ஹீட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு முன்பதிவு செய்வதே பெரும்பாலோரின் வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால், உறைநிலைக்குக் கீழே போகும் இரவில் ஒரு மோட்டார்ஹோம் தாக்குப்பிடிக்குமா என்பதைத் தீர்மானிப்பது ஹீட்டரின் வலிமையைவிட, தண்ணீர்க் குழாய்கள் எந்த வழியாகச் செல்கின்றன, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்னும் இரண்டுமே என்பதை இப்பயணத்தில் அறிந்துகொண்டேன்.

முதலில் நிறைகளைச் சொல்ல வேண்டும். ஃபியட் டுகாட்டோ என்னும் வேனின் அடித்தளத்தின்மீது கட்டப்பட்ட அந்த வண்டியை ஒப்படைத்த ஊழியர், பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் மாட்டும் பனிச்சங்கிலியை எடுத்துக் காட்டியதோடு நிற்காமல், வாகன நிறுத்துமிடத்திலேயே என்னை மண்டியிட வைத்து இரண்டு முறை மாட்டிக் கழற்றச் செய்தார். டுகாட்டோ முன்சக்கர இயக்கம் கொண்டது என்பதால் சங்கிலியை முன்சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும் என்பதை அவர் அழுத்திச் சொன்னார். பனியையே பார்த்திராத ஓட்டுநருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, 971 மீட்டர் உயரத்தில் உள்ள லிண்டிஸ் கணவாயைக் கடந்த நாளில் நன்றியோடு நினைத்துக்கொண்டேன். கடுங்குளிரில் சாதாரண டீசலில் மெழுகுத் துகள்கள் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும் என்பதால், மலைப்பகுதிக்குச் சென்றதும் அங்கு கிடைக்கும் குளிர்கால டீசலை நிரப்பிக்கொள்ளுமாறும் அவர் சொல்லி அனுப்பினார். நம் ஊரைப் போலவே அங்கும் சாலையின் இடப்புறம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் மற்றவை எளிதாகவே இருந்தன.

முதல் இரவு டெக்காப்போ ஏரியருகே, மின் இணைப்பு உள்ள முகாமில் தங்கினோம். வண்டியில் இருந்தது டீசலில் இயங்கும் ட்ரூமா காம்பி ஹீட்டர். ஒரே கருவி உள்ளறைக்கு வெப்பக்காற்றையும், பத்து லிட்டர் கொதிகலனில் வெந்நீரையும் தருகிறது. வெளியே புல்மீது உறைபனி படிந்திருக்க, உள்ளே பிள்ளைகள் மெல்லிய சட்டையோடு உறங்கினார்கள். அம்மாவுக்கு விடிகாலையில் முகம் கழுவ வெந்நீர் தயாராக இருந்தது. அன்றிரவோடு பயணம் முடிந்திருந்தால் இந்த மதிப்புரை முழுவதும் பாராட்டாகவே அமைந்திருக்கும்.

இரண்டாம் இரவு அஒராக்கி (மவுண்ட் குக்) மலையடிவாரத்தில் உள்ள ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் தங்கினோம். 3,724 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தை வண்டிக்குள் இருந்தபடியே பார்க்கலாம். ஆனால், அங்கு மின் இணைப்பு கிடையாது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டதால் விளக்குகள், நீரேற்றும் பம்ப், ஹீட்டரின் விசிறி ஆகிய அனைத்தும் பேட்டரியையே நம்பி இயங்கின. ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு குளிரில் தானாகவே குறையும். அந்த வண்டியில் இருந்ததோ பழைய பேட்டரி. அதிகாலை நான்கு மணியளவில் மின்னழுத்தம் தாழ்ந்து ஹீட்டர் நின்றுவிட்டது. டீசல் எரிந்தாலும் விசிறியையும் கட்டுப்பாட்டுக் கருவியையும் இயக்க மின்சாரம் வேண்டும் என்பதை ஒப்படைப்பின்போது யாரும் சொல்லவில்லை.

அடுத்து நடந்தது எங்களைத் திகைக்க வைத்தது. வண்டியின் அடியில் தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டது. குழாய் வெடித்துவிட்டது என்றெண்ணி விளக்கோடு இறங்கிப் பார்த்தால், கொதிகலனில் இருந்த நீர் முழுவதும் தரையில் வடிந்துகொண்டிருந்தது. உண்மையில் அது பழுதன்று. கருவி தன்னைத் தானே காத்துக்கொண்ட செயல். அந்தக் கொதிகலனில் உள்ள பாதுகாப்பு வால்வு, தன்னைச் சுற்றியுள்ள வெப்பம் ஏறத்தாழ 3 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும், மின்சாரம் இல்லாமலே தானாகத் திறந்து நீரை வெளியேற்றிவிடும். உறையும்போது நீரின் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகும் என்பதால், நீர் உள்ளேயே நின்றிருந்தால் கொதிகலன் விரிசல் கண்டிருக்கும். வால்வு இருக்கும் இடம் சுமார் 7 டிகிரிக்கு மேல் வெதும்பினால்தான் அதை மீண்டும் மூட முடியும். இதை அறியாத நான் அந்தக் குளிரில் அரைமணி நேரம் வால்வை மூடும் பொத்தானோடு போராடினேன். வண்டியில் இருந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மறுநாள் தொலைபேசியில் பேசிய ஊழியர் கனிவோடு பதில் சொன்னார் என்றாலும், வெயில் வரும்வரை காத்திருங்கள் என்பதற்கு மேல் அவராலும் எதுவும் சொல்ல இயலவில்லை.

வால்வைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையான குறை வண்டியின் அமைப்பில் இருந்தது. நல்ல நீர்த் தொட்டி இருக்கைக்கு அடியில், கதகதப்பான இடத்திலேயே இருந்தது. ஆனால், அங்கிருந்து குளியலறைக்குச் செல்லும் குழாய், வெப்பக்காற்று எட்டாத பின்புறச் சாமான் அறை வழியாகச் சென்றது. அதில் நின்ற நீர் உறைந்துபோனதால் நண்பகல் வரை கழிப்பறைக்கும் நீர் வரவில்லை. முதியவர் ஒருவரோடு பயணம் செய்யும் குடும்பத்திற்கு இது சிறு தொல்லை அன்று. அந்த அறைக்கு ஒரு வெப்பக்காற்றுக் கிளைக்குழாய் பொருத்தியிருந்தாலே இது நேர்ந்திருக்காது. வண்டியின் அடியில் திறந்தவெளியில் தொங்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் எவ்விதப் போர்வையும் இல்லை. ஆகவே நாள்தோறும் மாலையில், அதற்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் அதைக் காலி செய்த பிறகே முகாமுக்குச் சென்றோம்.

எஞ்சிய இரவுகளை நாங்களே வகுத்துக்கொண்ட ஒழுங்கில் கழித்தோம். மின் இணைப்பு உள்ள முகாம்களில் மட்டுமே தங்கினோம். சிறிய மின்விசிறி ஹீட்டரைக் குறைந்த அளவில் விடியும்வரை ஓடவிட்டு, குளியலறை அலமாரிக் கதவுகளைத் திறந்தே வைத்தோம். படுக்கும் முன் பம்ப்பை நிறுத்திக் குழாய்களைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிட்டோம். குடிப்பதற்கும் கழிப்பறைக்கும் ஐந்து லிட்டர் கலன்கள் இரண்டை உள்ளே வைத்துக்கொண்டோம். தொட்டியை நிரப்பும் ரப்பர் குழாயை இரவில் வெளியே விடாமல், நண்பகலில் நிரப்பி உடனே சுருட்டி வைத்தோம். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்த பிறகு ஒரு துளி நீரும் உறையவில்லை.

ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சிங்கப்பூரர்களாகிய நாம் இதில் எளிதில் தவறிவிடுவோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குளிரூட்டியைப் போட்டால் சன்னல்களை இறுக மூடிப் பழகிய நாங்கள், வண்டியிலும் எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டே படுத்தோம். ஐந்து பேரின் மூச்சுக்காற்றும் அடுப்பின் ஆவியும் சேர்ந்து கண்ணாடிகள் வியர்த்து வழிந்தன. ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள படுக்கையின் மெத்தை அடியில் நனைந்துபோனது. அடுப்பில் எரியும் புரோப்பேன் வாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேற்பட்ட நீராவி உண்டாகிறது என்பதால், குளிர்காய அடுப்பைப் பற்றவைப்பது மெத்தையை மேலும் நனைப்பதாகவே முடியும்; நச்சுவாயு ஆபத்தும் அதில் உண்டு. கூரைத் துவாரத்தை இரண்டு விரல் அளவு திறந்து வைத்ததும் வியர்வை பெரிதும் குறைந்தது. முன்கண்ணாடிக்குத் துணித்திரை மட்டுமே தந்திருந்தார்கள். குளிர்காலத்தில் வாடகைக்கு விடும் வண்டிக்கு வெளிப்புறமாகப் போர்த்தும் தடித்த உறை ஒன்றைத் தந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சமையல் எரிவாயுவைப் பற்றியும் கேட்டறிவது நல்லது. பியூட்டேன் உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுத்துவிடும். புரோப்பேன் உறைநிலைக்குக் கீழ் 42 டிகிரி வரை ஆவியாகும். இரண்டும் கலந்த உருளையில் புரோப்பேன் முதலில் தீர்ந்துவிடுவதால், கடைசி நாள்களில் காலை வேளையில் சுடர் தொய்ந்து, தேநீருக்கு நெடுநேரம் காத்திருந்தோம்.

சேவைக்கும் ஹீட்டருக்கும் ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். குளிர்கால ஆயத்தத்திற்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. முன்பதிவுக்கு முன்னரே, நீர்க்குழாய் எந்தெந்த அறைகள் வழியாகச் செல்கிறது, பேட்டரி எப்போது மாற்றப்பட்டது, கழிவுநீர்த் தொட்டிக்கு வெப்பக்காப்பு உண்டா, கொதிகலனின் வால்வு எங்கே இருக்கிறது என்பவற்றை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் விடை தர இயலாத நிறுவனத்திடம் கோடையில் மட்டும் வண்டி எடுங்கள். ஊர் திரும்பியதும் இவற்றையெல்லாம் நிறுவனத்திற்கு எழுதினேன். ஓர் இரவுக்கான கட்டணத்தைத் திருப்பித் தந்ததோடு, வால்வைப் பற்றிய விளக்கத்தாளை எல்லா வண்டிகளிலும் வைப்பதாகவும் பதில் எழுதினார்கள். பின்புறச் சாமான் அறைக் குழாயைப் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.